இரண்டு மணி நேரம் காத்திருங்கள்: ஃபாக்டர் 8 ஆன்டிபாடியை ஆய்வகத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

எழுபது வயதைத் தாண்டியவர். பல் பிடுங்கியபோதுகூட அவருக்குக் கூடுதலாக ரத்தம் போனதில்லை. திடீரென்று, எங்கும் அடிபடாமலே, முன்கையும் தொடையும் கருநீலமாகக் கன்றிப்போகின்றன. ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை அளக்கும் ஏபிடிடி சோதனை நீண்டு 82 வினாடி. உறைதலை வேறொரு வழியில் பார்க்கும் பிடி சோதனை சரியாக இருக்கிறது, பிளேட்லெட் எண்ணிக்கையும் சரி. இப்படி ஒரு சாம்பிள் உங்கள் மேசைக்கு வந்தால் அடுத்த சில மணி நேரத்தில் நீங்கள் செய்யும் வேலைதான் அவருக்கு என்ன சிகிச்சை என்பதற்கு வழி காட்டும்.

ரத்தம் உறைய உதவும் தன்னுடைய ஃபாக்டர் 8 புரதத்துக்கு எதிராக அவர் உடலே ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) தயாரித்திருக்கலாம். இதை அக்வயர்ட் (பிறவியிலன்றிப் பின்னால் வந்த) ஹீமோபீலியா ஏ என்கிறோம். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரக்கூடிய அரிய நோய். பிறவி ஹீமோபீலியா பெரும்பாலும் ஆண்களைத்தான் தாக்கும். இது ஆண், பெண் பார்ப்பதில்லை. முதியவர்களுக்கு அதிகம் வரும், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் இளம் தாய்மார்களுக்கும் வரும். ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் எதுவும் பிடிபடாது. மற்றவர்களிடம் புற்றுநோய், மூட்டுவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய், சில மருந்துகள் என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும்.

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: இந்தச் சோதனைகளில் ஆன்டிபாடியை நீங்கள் நேரடியாகப் பார்க்கப் போவதில்லை. அது செய்யும் வேலையை வைத்துத்தான் அது இருக்கிறதென்று சொல்லப் போகிறீர்கள். அந்த வேலையை அது நிதானமாகத்தான் செய்யும். நீங்கள் அவசரப்பட்டால் அது தப்பிவிடும்.

முதல் படி: சாம்பிளைச் சந்தேகப்படுங்கள்

ஏபிடிடி நீண்டிருக்கிறது என்றதும் நோயைத் தேடக் கிளம்ப வேண்டாம். முதலில் டியூபை எடுத்துப் பாருங்கள். 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் உள்ள நீல மூடி டியூபில், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற விகிதத்தில் ரத்தம் இருக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே நின்றுவிட்ட டியூபில் சிட்ரேட் மிஞ்சிவிடும். சோதனைக்காக நாம் சேர்க்கும் கால்சியத்தை அது பிடித்துக்கொள்ளும். ஏபிடிடி பொய்யாக நீளும். ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 55 சதவீதத்துக்கு மேல் இருப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். பிளாஸ்மா குறைவாக இருப்பதால் அவர்களுக்கு சிட்ரேட் அளவைக் குறைத்த டியூப் தேவை.

அடுத்து ஹெப்பரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. ஹெப்பரின் ஏற்றும் குழாய் வழியாகவே ரத்தம் எடுத்திருந்தால் அதுவும் ஏபிடிடியை நீட்டும். உறைதலின் கடைசிக் கட்டத்தை அளக்கும் திராம்பின் டைம் போட்டுப் பாருங்கள். அது எக்கச்சக்கமாக நீண்டு, ஹெப்பரினால் பாதிக்கப்படாத ரெப்டிலேஸ் டைம் சாதாரணமாக இருந்தால் ஹெப்பரின்தான் காரணம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் டபிகட்ரான் மாத்திரையும் திராம்பின் டைமை நீட்டும். அதே வேலைக்கான ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் போன்றவை திராம்பின் டைமில் தெரியாது. அதனால் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வார்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால், பல மணி நேர வேலை மிச்சமாகும்.

புதியவர்களை மிகவும் ஏமாற்றுவது ஈடிடிஏ, ஊதா மூடி டியூபில் இருக்கும் உறைதடுப்பான். ஊதா மூடி டியூபில் எடுத்த ரத்தத்தைப் பிரித்து, சிட்ரேட் பிளாஸ்மா என்று பெயரெழுதிய குப்பியில் ஊற்றி யாராவது அனுப்பிவிட்டால் வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அதில் ஃபாக்டர் 5, ஃபாக்டர் 8 இரண்டும் குறைந்துபோய்த் தெரியும். நார்மல் பிளாஸ்மாவைக் கலந்தாலும் நேரம் சரியாகாது. அச்சு அசல் இன்ஹிபிட்டர் (உறைதலைத் தடுக்கும் ஆன்டிபாடி) போலவே நடிக்கும். சந்தேகம் வந்தால் அந்தப் பிளாஸ்மாவிலேயே பொட்டாசியமும் கால்சியமும் பாருங்கள். பொட்டாசியம் உயிரோடிருக்கும் மனிதருக்கு இருக்கவே முடியாத அளவுக்கு ஏறி, கால்சியம் அடிமட்டத்துக்குப் போயிருந்தால் அது பொட்டாசியம் ஈடிடிஏ டியூபில் வந்த ரத்தம். புது சாம்பிள் கேளுங்கள்.

சாம்பிள் சரியென்றால் இரண்டு முறை சென்ட்ரிஃபியூஜ் செய்யுங்கள். முதல் சுற்றில் கிடைத்த பிளாஸ்மாவை, செல் அடுக்குக்கு மேலே கொஞ்சம் விட்டுவைத்து, பிளாஸ்டிக் பைப்பெட்டால் உறிஞ்சி வேறு பிளாஸ்டிக் டியூபுக்கு மாற்றி மறுபடியும் சுற்றுங்கள். மைக்ரோலிட்டருக்கு 10,000 பிளேட்லெட்டுக்குக் கீழே வர வேண்டும். அன்றே செய்யப் போவதில்லை என்றால் சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 70 டிகிரியில் வையுங்கள். எடுக்கும்போது 37 டிகிரி வாட்டர் பாத்தில் சில நிமிடத்தில் உருக்கி, குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்குங்கள். ஃபிரிட்ஜில் வைத்து நிதானமாக உருகவிட்டால் ஃபாக்டர் 8, வான் வில்லிபிராண்ட் ஃபாக்டர், ஃபைப்ரினோஜன் ஆகிய உறைதல் புரதங்கள் எல்லாம் வெண்மையான வீழ்படிவாக அடியில் தங்கிவிடும். மேலே இருப்பதை எடுத்துச் சோதித்தால் அவருக்கு ஃபாக்டர் 8 இல்லையென்று நீங்களே ஒரு நோயை உண்டாக்கியவர் ஆவீர்கள்.

இரண்டாம் படி: கலவைச் சோதனை

எளிய கேள்விதான். நோயாளியின் பிளாஸ்மாவில் ஏதோ ஒன்று குறைவா, அல்லது ஏதோ ஒன்று தடுக்கிறதா? குறைவு என்றால், சரிபாதி நார்மல் பிளாஸ்மாவைக் கலந்ததும் நேரம் சரியாகிவிட வேண்டும். பாதி ஃபாக்டர் இருந்தாலே ஏபிடிடிக்குப் போதும். தடுப்பது இருந்தால் சேர்த்த நார்மல் பிளாஸ்மாவையும் அது கெடுக்கும்.

நார்மல் பிளாஸ்மா என்று ஒரே ஒருவருடையதைப் பயன்படுத்தாதீர்கள். இருபது பேருக்குக் குறையாமல் சேர்த்த பூல் வேண்டும். அதில் ஃபாக்டர் 8 அளவு 100 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

இப்போது டியூபுகளை வரிசையாக வையுங்கள். முதலாவதில் நோயாளியின் பிளாஸ்மா மட்டும். இரண்டாவதில் நார்மல் பூல் மட்டும். மூன்றாவதில் இரண்டும் சம அளவு. மூன்றிலும் உடனே ஒரு ஏபிடிடி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மூன்றையும் மூடி போட்டு 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். மூடி கட்டாயம். திறந்து வைத்தால் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும். பிஎச் ஏறினால் ஃபாக்டர் 8 தானாகவே கெடும்.

இரண்டு மணி நேரம் ஆனதும் முதல் இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு எடுத்து நான்காவது டியூபில் புதிதாகக் கலந்து, உடனே ஏபிடிடி பாருங்கள். இந்த நான்காவது டியூபை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. ஃபாக்டர் 8 வெப்பத்தில் தானாகவே கொஞ்சம் அழியும். இரண்டு மணி நேரச் சூட்டினால் வந்த நீட்சி எவ்வளவு, ஆன்டிபாடியால் வந்த நீட்சி எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது இந்த நான்காவது டியூப்தான். மூன்றாவதில் ஆன்டிபாடிக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது; நான்காவதில் கிடைக்கவில்லை. மற்றபடி இரண்டும் பட்ட சூடு ஒன்றே.

எண்களோடு பார்ப்போம். நார்மல் பூல் 31 வினாடி, நோயாளி 82, உடனடிக் கலவை 38. கலவையிலிருந்து நார்மலைக் கழித்து, நோயாளியின் நேரத்தால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருவது ரோஸ்னர் குறியீடு. 38இல் 31 போக 7. 7ஐ 82ஆல் வகுத்தால் 8.5 சதவீதம். 15க்கு மேல் போனால் சரியாகவில்லை என்று எடுத்துக்கொள்வது பரவலான வழக்கம். ஆக இங்கே சரியாகிவிட்டது, ஃபாக்டர் குறைவுதான் என்று தோன்றும். இரண்டு மணி நேரம் கழித்து அதே சாம்பிள்: நார்மல் பூல் 34, நோயாளி 86, புதிதாகக் கலந்தது 41, ஒன்றாகவே ஊறியது 63. குறியீடு 33ஐத் தாண்டிவிட்டது. ஆன்டிபாடி இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படிப்பட்ட ஒரு சாம்பிளில் உடனடிக் கலவையை மட்டும் பார்த்து, 'சரியானது, ஃபாக்டர் குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மூத்தவர் அதே பிளாஸ்மாவை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, இரண்டு கிராஃபையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றும் சொல்லாமல் காட்டினார். நடுவில் ஒரு இரவு போயிருந்தது. அந்த இரவு முழுவதும் அந்த அம்மாவுக்குப் பயன்படாத பிளாஸ்மா ஏறிக்கொண்டிருந்தது. அன்று முதல் 'உடனடி' என்ற வார்த்தையை ரிப்போர்ட்டில் தனியாக விட்டதில்லை.

ஏன் இந்தத் தாமதம்? ஃபாக்டர் 8 தனியாகச் சுற்றுவதில்லை. வான் வில்லிபிராண்ட் ஃபாக்டரைப் பற்றிக்கொண்டுதான் ரத்தத்தில் சுற்றுகிறது. ஆன்டிபாடி ஒட்டக்கூடிய இடங்களில் சிலவற்றை அந்தத் துணைப் புரதம் மறைத்திருக்கும். அதனால் பிடிப்பு மெல்ல மெல்லத்தான் இறுகும். டைட்டர், அதாவது ஆன்டிபாடியின் அளவு, மிக அதிகமென்றால் உடனடிக் கலவையிலேயே தெரிந்துவிடும். ஆனால் அதை நம்பி இரண்டு மணி நேரத்தைத் தவிர்க்க முடியாது.

லூப்பஸ் ஆன்டிகோயாகுலன்ட் குழப்பம்

உடனடிக் கலவையே சரியாகாமல், ஊறவைத்த பிறகும் அதே அளவில் நின்றால் லூப்பஸ் ஆன்டிகோயாகுலன்ட் நினைவுக்கு வர வேண்டும். இதுவும் ரத்தப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடிதான். பீட்டா 2 கிளைக்கோபுரோட்டீன், புரோதிராம்பின் ஆகியவையே அதன் முக்கிய இலக்குகள். டியூபில் உறைதலைத் தாமதப்படுத்தும் இது, உடலில் ரத்தக்குழாய் அடைப்பைத்தான் உண்டாக்கும். ரத்தம் கசியும் நோயாளிக்கும் ரத்தம் கட்டும் நோயாளிக்கும் ஏபிடிடி ஒன்றுபோல நீளும் என்பதால், இந்த இடத்தில் தவறினால் சிகிச்சை நேர் எதிராகப் போய்விடும்.

இதற்கு இரண்டு வகைச் சோதனை வேண்டும். ஒன்று லூப்பஸுக்கு நுட்பமான ஏபிடிடி. மற்றது டிஆர்விவிடி, கண்ணாடி விரியன் விஷத்தை நீர்க்கச் செய்து ஃபாக்டர் 10ஐ நேரடியாகத் தூண்டுகிற சோதனை. ஃபாக்டர் 8, 9, 11, 12 எதுவும் இந்த வழியில் குறுக்கே வராது. அதனால் ஃபாக்டர் 8 ஆன்டிபாடி இருந்தாலும் டிஆர்விவிடி நார்மலாகவே வரும். ஸ்கிரீன், மிக்ஸ், பாஸ்போலிப்பிடு கூட்டிய கன்ஃபர்ம் என்ற வரிசையில் போய், நேர்மறை வந்தால் 12 வாரத்துக்குப் பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: எந்த ஃபாக்டர்?

8, 9, 11, 12 நான்கையும் அளந்து பாருங்கள். புதியவர்கள் பயந்துபோகும் இடம் இது. சில சமயம் நான்குமே குறைவாக வரும். நான்கு ஃபாக்டருக்கும் ஒரே நேரத்தில் ஆன்டிபாடியா? இல்லை. ஃபாக்டர் 9ஐ அளக்க நாம் பயன்படுத்தும் குறைபாட்டுப் பிளாஸ்மாவில் (9 மட்டும் இல்லாத பிளாஸ்மா) ஃபாக்டர் 8 இருக்க வேண்டும் அல்லவா? நோயாளியின் ஆன்டிபாடி அதையும் பிடித்துவிடுகிறது. அதனால் 9ம் குறைந்ததுபோல் தெரிகிறது.

இதற்கு நீர்ப்பித்துப் பார்ப்பதே வழி. 10 மடங்கு, 20 மடங்கு, 40 மடங்கு என்று நீர்ப்பித்து ஒவ்வொன்றிலும் அளவிட்டு மடங்கால் பெருக்குங்கள். ஆன்டிபாடி நீர்க்க நீர்க்க 9, 11, 12 மேலே ஏறிவரும். 8 மட்டும் கீழேயே கிடக்கும். ஏறாமல் கிடப்பதுதான் உண்மையான இலக்கு. லூப்பஸும் இப்படி ஏமாற்றும் என்பதால், முடிந்தால் உறையும் நேரத்துக்குப் பதிலாக நிறமாற்றத்தை அளக்கும் குரோமோஜெனிக் முறையில் ஃபாக்டர் 8 பாருங்கள். அதை லூப்பஸ் அசைப்பதில்லை.

ஹீமோபீலியாவுக்கான எமிசிசுமேப் ஊசி போட்டுக்கொண்டவர் என்றால் இங்கே நிறுத்துங்கள். அந்த மருந்து ஃபாக்டர் 9ஐயும் 10ஐயும் இணைத்து ஃபாக்டர் 8 செய்யும் வேலையைச் செய்யும். ஏபிடிடி குறுகிவிடும், உறையும் நேரத்தை வைத்து அளக்கும் ஒன் ஸ்டேஜ் முறையில் ஃபாக்டர் 8 பொய்யாக உயரும், இருக்கும் ஆன்டிபாடியும் மறைந்துவிடும். மாட்டுப் புரதத்தால் ஆன குரோமோஜெனிக் கிட் மட்டுமே அப்போது கைகொடுக்கும்.

நான்காம் படி: பெதஸ்டா

இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு என்று அளக்க வேண்டும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறு வேறு அலகு வைத்திருந்த காலத்தில், எல்லோரும் ஒரே அலகில் பேச வேண்டும் என்று உருவானது பெதஸ்டா யூனிட். அமெரிக்காவின் மேரிலாண்டில் உள்ள பெதஸ்டாவின் பெயரைத் தாங்கிய இந்த முறை 1975இல் வெளியானது. சம அளவு நார்மல் பிளாஸ்மாவோடு 37 டிகிரியில் 2 மணி நேரம் ஊறியபின் அதிலுள்ள ஃபாக்டர் 8இல் பாதியை அழிக்கும் ஆன்டிபாடியின் அளவு ஒரு யூனிட்.

1995இல் நெதர்லாந்தின் நைமேகனில் இதைத் திருத்தினார்கள். நார்மல் பிளாஸ்மாவில் இமிடசோல் பஃபர் சேர்த்து பிஎச்சை 7.4இல் நிறுத்தினார்கள், கட்டுப்பாட்டு டியூபில் வெறும் பஃபருக்குப் பதிலாக ஃபாக்டர் 8 இல்லாத பிளாஸ்மாவைச் சேர்த்தார்கள். பார்ப்பதற்குச் சின்ன மாற்றம். ஆனால் இல்லாத ஆன்டிபாடியை இருப்பதாகக் காட்டிவந்த குறைந்த எண்கள் இதனால் பெருமளவு ஒழிந்தன. புதிதாகத் தொடங்குபவர் நைமேகன் முறையிலேயே தொடங்குவது நல்லது. குறைபாட்டுப் பிளாஸ்மாவில் வான் வில்லிபிராண்ட் ஃபாக்டர் இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்போது பாருங்கள்.

நோயாளிக்கு ஃபாக்டர் 8 ஏற்றியிருந்தாலோ, அவருடையதே கொஞ்சம் மிச்சமிருந்தாலோ, பிளாஸ்மாவை முதலில் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குங்கள். ஃபாக்டர் 8 அழியும், ஆன்டிபாடி தாங்கும். கலங்கிப்போன பிளாஸ்மாவைச் சுற்றி, மேலே தெளிந்ததை எடுங்கள்.

நீர்ப்பித்த ஒவ்வொரு பங்கிலும் 200 மைக்ரோலிட்டர், அதோடு பஃபர் சேர்த்த நார்மல் பிளாஸ்மா 200. கட்டுப்பாட்டு டியூபில் நோயாளிக்குப் பதில் குறைபாட்டுப் பிளாஸ்மா. இரண்டு மணி நேரம் கழித்து எல்லாவற்றிலும் ஃபாக்டர் 8 அளந்து, கட்டுப்பாட்டோடு ஒப்பிட்டு மிச்சம் எத்தனை சதவீதம் என்று போடுங்கள். 2இலிருந்து அந்தச் சதவீதத்தின் லாக் மதிப்பைக் கழித்து 0.301ஆல் வகுத்தால் யூனிட் வரும். மிச்சம் 50 என்றால் 1 யூனிட், 25 என்றால் 2 யூனிட். நீர்ப்பித்த மடங்கால் பெருக்க மறக்க வேண்டாம். மிச்சம் 25க்கும் 75க்கும் இடையில் உள்ள டியூபுகளை மட்டுமே கணக்கில் எடுங்கள்.

கட்டுப்பாட்டு டியூபில் ஃபாக்டர் 8 அளவு 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 10 மடங்கில் 15 வந்தது. மிச்சம் 30 சதவீதம், பெருக்கினால் 17.4 யூனிட். 20 மடங்கில் 21. மிச்சம் 42, யூனிட் 25. 40 மடங்கில் 28. மிச்சம் 56, யூனிட் 33.5. ஒரே சாம்பிள், மூன்று விடை. பைப்பெட் பிழை என்று நினைத்துப் பலர் திரும்பத் திரும்பச் செய்து சோர்ந்துபோவார்கள். பிழை இல்லை. பிறவி ஹீமோபீலியா நோயாளிகளிடம் ஃபாக்டர் ஏற்றியபின் உருவாகும் ஆன்டிபாடி பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். மூன்று விடையும் ஒட்டிவரும். உடல் தன் புரதத்துக்கே எதிராகச் செய்யும் ஆன்டிபாடி பல நேரம் இப்படித்தான் வளைந்து போகும், ஃபாக்டர் 8ஐ முழுவதுமாக அழிக்கவும் செய்யாது. இதற்கு இரண்டாம் வகை இயக்கம் என்று பெயர். மிச்சம் 50க்கு மிக அருகில் உள்ள டியூபை எடுத்துக்கொண்டு 33.5 என்று எழுதுங்கள். இரண்டாம் வகை என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இவர்களுக்கு டைட்டர் குறைவு என்றால் ரத்தக்கசிவும் குறைவாக இருக்கும் என்று யாரும் நம்பிவிடக்கூடாது. ஃபாக்டர் 8 அளவு 5 சதவீதம் இருப்பவருக்குக்கூட உயிருக்கு ஆபத்தான கசிவு வரலாம்.

நைமேகன் முறையில் 0.6 யூனிட்டுக்குக் கீழே வந்தால் பொதுவாக எதிர்மறை என்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஆன்டிபாடி உள்ளதாகத் தெரிந்த ஒரு பிளாஸ்மாவும் இல்லாததாகத் தெரிந்த ஒன்றும் கூடவே ஓட வேண்டும்.

எலைசா எங்கே உதவும்?

மேலே சொன்னதெல்லாம் தடுக்கும் ஆன்டிபாடிகளுக்கு. ஒட்டிக்கொண்டு தடுக்காமல், புரதத்தை ரத்தத்திலிருந்து வேகமாக வெளியேற்றும் ஆன்டிபாடிகளும் உண்டு. அக்வயர்ட் வான் வில்லிபிராண்ட் நோயில் கலவைச் சோதனை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அங்கே, ஆன்டிபாடி ஒட்டுவதையே காட்டும் எலைசா சோதனைதான் துணை.

சிறு ரத்தக்குழாய்களில் ரத்தம் கட்டும் டிடிபி நோயில் ஆடம்டிஎஸ் 13 என்ற நொதிக்கு எதிராக ஆன்டிபாடி வரும். நொதியின் செயல்பாடு 10 சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும். எலைசாவில் ஐஜிஜி வகை ஆன்டிபாடி தெரியும். இதற்கும் சிட்ரேட் டியூப்தான். ஈடிடிஏ அந்த நொதியையே முடக்கிவிடும். பிளாஸ்மா மாற்றம் தொடங்குவதற்கு முன்னால் எடுத்த ரத்தம் வேண்டும். தொடங்கிய பிறகு எடுத்தால் நீங்கள் அளப்பதில் தானம் கொடுத்தவருடைய நொதியும் கலந்திருக்கும்.

ரிப்போர்ட்

இந்த முடிவைக் கணினியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். கலவைச் சோதனையிலேயே தெரிந்துவிட்டால் பெதஸ்டா எண் வரும்வரை காத்திராமல் மருத்துவரை போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஊசி, வடிகுழாய், அறுவை என்று எதையும் தொடங்குமுன் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வெறும் ஃபாக்டர் 8 ஏற்றினால் ஆன்டிபாடி தின்றுவிடும் என்பதால் செயல்படுத்திய ஃபாக்டர் 7 போன்ற சுற்றுவழி மருந்துகளும், ஆன்டிபாடி உற்பத்தியை அடக்க ஸ்டீராய்டு முதலியனவும் கொடுப்பார்கள். பன்றி வகை ஃபாக்டர் 8 கொடுக்க நினைத்தால், அந்தப் புரதத்தை வைத்தே இன்னொரு பெதஸ்டா கேட்பார்கள். நோயாளியின் ஆன்டிபாடி அதையும் பிடிக்குமா என்று பார்ப்பதற்கு.

அதற்குத்தான் முதல் நாள் பிளாஸ்மாவை இரண்டு மூன்று பங்கு மைனஸ் 70இல் எடுத்துவைக்கச் சொல்வது. சிகிச்சை தொடங்கியபின் வரும் டைட்டர்களை அதே முறையில், அதே ஆய்வகத்தில் பாருங்கள். எண் இறங்கி, ஃபாக்டர் 8 நார்மலுக்குத் திரும்பியபின்னும் கொஞ்ச காலம் சாம்பிள் வந்துகொண்டிருக்கும், ஏனென்றால் மருந்தை நிறுத்தியபின் இந்த ஆன்டிபாடி சிலருக்குத் திரும்பி வரும்.